பதினொன்றாவது சிவப்பு

ஆறு நாளில் பதினொரு முறை.
ஒவ்வொரு முறையும் அதே பலகை, அதே மூலை,
கடுகளவு சிவப்பு விளக்கு.
பில்சன் நகரத்து டிராம் பணிமனையில்
மூன்றாம் தண்டவாளத்துப் புது வண்டி
முனகும், நகரப் பார்க்கும், நின்றுவிடும்.

"பயந்தாங்கொள்ளிச் சில்லு" என்றார் யிந்த்ரிக்.
வியாழக்கிழமை வண்டியை ஒப்படைக்க வேண்டும் அவருக்கு.
"அதன் கண்ணை இன்னும் கொஞ்ச நேரம் கட்டி வை, விளாஸ்தா."

கண்கட்டு அதற்கு உண்டுதான்.
டிரான்சிஸ்டர் திறக்கிறபோது எழும் சலசலப்பைப்
பார்த்தும் பாராமல் இருக்க
ஒன்றரை மைக்ரோ விநாடி.
நான்காக்கு என்கிறார்.
குறுக்குச்சுற்று வந்தால் அந்த ஐஜிபிடி
உயிர் தாங்குவது மொத்தம் பத்து.
அதில் நான்கைக் கண்மூடிக் கழிக்கச் சொல்கிறார்,
தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு.

சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புச் சதுரம்.
உள்ளே, கண்ணாடிக்கு உறவான ஒரு மெல்லிய சுவர்.
இந்தப் பக்கம் ஐந்து வோல்ட்டில் பேசும் கணினி,
அந்தப் பக்கம் அறுநூறு.
இருபுறத் தரையும் ஒருநாளும் தொட்டுக்கொள்வதில்லை.
சேதி தாண்டும், ஆள் தாண்டுவதில்லை.
போகிறபோது "திற", "மூடு".
திரும்பி வர ஒரே சொல்: "தவறு."
என்ன தவறு என்று சொல்லத் தெரியாது.
எங்கள் சண்டையே அதுதான்.

மற்றபடி குறை சொல்ல மாட்டேன்.
ஊட்டும் அழுத்தம் பன்னிரண்டுக்குக் கீழே போனால்
வேலைக்கே வராது;
அரைக்கிணறு தாண்டச் சொன்னால் தாண்டாது.
அரைகுறையாய்த் திறந்த டிரான்சிஸ்டர் வெந்துபோகும்.
எதிர்க்கதவு படாரென்று திறக்கையில்
மூடிய கதவும் அதிர்ந்து தானாகத் திறந்துகொள்ளப் பார்க்கும்;
தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.
ஆபத்தைக் கண்ட பிறகும் வெடுக்கென்று அறுக்காது.
அறுத்தால், ஓடிவந்த மின்னோட்டம் படமெடுக்கும்.
மெல்ல இறக்கி வைக்கும்.
மெல்ல என்றால் இரண்டு மைக்ரோ விநாடி.

இதையா பயந்தாங்கொள்ளி என்பது?
என்றாலும் செவ்வாய் இரவு
பற்றவைப்புக் கோல் சூடேறிவிட்டது.
இடுக்கியின் நுனியில் புது மின்தேக்கி,
எள்ளை விடச் சிறியது,
நான்கு மைக்ரோ விநாடிக் குருட்டுத்தனம்.
ஜன்னல் வழியே மதுவடிசாலையின் மால்ட் வாடை.
நான் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை.

"காற்றழுத்தி ஓடும்போதுதானே நிற்கிறது?"
என்றாள் க்வியெதா, துடைப்பத்தை நிறுத்தி.
இரவுத் துப்புரவு அவள் வேலை;
எங்கள் அலைகாட்டியைத் துடைப்பாள், பார்க்க மாட்டாள்.
பதினொரு நேரங்களையும் எடுத்து வைத்தேன்.
ஒன்பது பொருந்தின.
இரண்டு பொருந்தவில்லை. இன்றுவரை ஏனென்று தெரியாது.

வண்டிக்கடியில் ஊர்ந்தோம், அவளுடைய கைவிளக்கோடு.
மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பி
தாங்கியின் கூர்விளிம்பில் சாய்ந்திருந்தது.
காற்றழுத்தி அதிர, அது உரச,
உறை தேய்ந்து
மயிரிழை அகலத்தில் செம்பு.
"எலி மாதிரி" என்றாள்.
எலி இல்லை. யாரோ ஒருவர்
விளிம்பு ரப்பரைப் போட மறந்திருக்கிறார்.
கையெழுத்துத் தாளைப் புரட்டினேன்:
ரப்பர் சரிபார்க்கப்பட்டது. வி. என் எழுத்து.

கோலை அணைத்தேன்.
சில்லிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் பணிமனையில் இல்லை.
மீட்டமைக்கும் பொத்தானை அழுத்தினேன்;
அதுவரை தானாக ஒருமுறையும் எழாமல் காத்திருந்தது,
உடனே எழுந்தது.

வண்டி வெள்ளிக்கிழமை போனது.
ஒரு நாள் தாமதத்துக்கு யிந்த்ரிக் எழுதிய விளக்கத்தில்
"சில்லின் கோளாறு" என்றிருந்தது.
திருத்தவில்லை நான். திருத்தியிருக்க வேண்டும்.

அந்த மின்தேக்கி மேலங்கிப் பையிலேயே கிடந்து
துவைக்கப் போய்விட்டது.
வடிகட்டியில் தேடினேன்:
நூல், ஒரு பொத்தான்,
நனைந்த டிராம் சீட்டு.